நசுக்காத பஞ்சு

மதுரையில் பயிற்சி முடிந்ததும் ஒயர்களைப் பிடுங்கிய இடத்தில் என் தலையில் ஒட்டியிருக்கும் பசையை டீச்சர் பஞ்சால் துடைத்துவிடுவார். ஒருநாள், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பஞ்சில் கொஞ்சம் பிய்த்து என் வலது உள்ளங்கையில் வைத்தார். "அண்ணே, இதை நசுக்காம வச்சிருங்க. அது போதும்" என்றார். கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அந்தப் பஞ்சை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. காது இரைச்சலுக்கு மூளைப் பயிற்சி கொடுப்பவர், என்னைவிட ரொம்ப இளையவர். சொல்லித் தருகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "டீச்சர்னு கூப்பிடாதீங்கண்ணே, தலை நரைச்ச மாதிரி இருக்கு" என்பார். நான் குனிந்துகொண்டு, அடுத்த தடவையும் அப்படியே கூப்பிடுவேன்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். பள்ளிப் படிப்போடு தறிக்கு வந்தவன். தறிகள் ஓடுகிறவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லோருக்கும் உதட்டசைவும் கைச்சாடையும்தான் பேச்சு. கரண்ட் போனால் மற்றவர்கள் சந்தோஷமாக டீ குடிக்கப் போவார்கள். எனக்கோ நின்றுபோன தறியெல்லாம் காதுக்குள் ஏறிக்கொண்டதுபோல் 'கொய்ங்' என்று தொடங்கிவிடும். வீட்டில் ஃபேனும் டி.வி.யும் இருந்தால் சமாளிக்கலாம். திருச்சுழிக்கு அப்பால் என் மனைவியின் ஊரில் முடியாது. சுற்றிலும் மானாவாரிக் காடு, மத்தியானத்தில் ஒரு சத்தம் இருக்காது. இரைச்சல் தலை முழுவதும் பரவிவிடும். சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். மாமனார் படுக்கையில் விழுந்த பிறகும் அப்படித்தான்.

"எங்கய்யா பக்கத்துல செத்த நேரம் உக்காந்தா என்ன, தேஞ்சா போயிருவீக? தறிகிட்ட போறப்ப இருக்குற சிரிப்பு எங்க ஊருக்கு வாரப்ப காணோமே" என்பாள் மனைவி. காதுக்குள் இரைகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவளேதான் கடைசியில் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். சத்தத்தில் தேய்ந்த காதைச் சரிசெய்ய மருந்து இல்லை, இந்தப் பயிற்சி சிலருக்கு உதவுகிறது என்று அவர் அனுப்பிவைத்தார். டீச்சரும் முதல் நாளே, "சத்தம் போயிரும்னு நான் சொல்லலண்ணே. சில பேருக்கு அது தூரமாப் போகும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

தலையில் ஒயர்களை ஒட்டி, ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைப்பார். திரையில் ஏரி, அதில் ஒரு படகு. மூளை இளைப்பாறினால் படகு நகரும், இறுகினால் நின்றுவிடும். அதைப் பார்த்துப் பார்த்தே மூளை பழகிக்கொள்ளும் என்றார். "எங்க கண்மாயில கூட இம்புட்டுத் தண்ணி பாத்ததில்ல" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

படகு நின்றதும் பல்லைக் கடித்தேன், வலது கை தானாக எழுந்தது.

"யாரைண்ணே பிடிக்கப் போறீங்க?"

"தறி நின்னுருச்சுல்ல, ஓட்டப் போறாக" என்று மனைவி சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். நின்ற தறியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. ஓடிப்போய் நூலை இணைத்துக் கைப்பிடியை இழுத்தால்தான் மூச்சு வரும். படகையும் நான் அப்படித்தான் ஓட்டப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட அது நின்றது. டீச்சர் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பஞ்சை வைத்தார். "நிக்கட்டும்ணே. எதுவும் அறுந்து போகல."

அன்று கையைத் திறந்தபோது பஞ்சு கொட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. அவர் வேறு பஞ்சைப் பிய்த்து வைத்தார். பல வாரங்கள் அப்படியே போயின. ஒருநாள் படகு நகர்ந்ததை நான் கவனிக்கக்கூட இல்லை.

இப்போது டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் நடந்ததை அவரிடம் சொல்ல வழியில்லை. மாமனாரின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய், அவருக்காகப் புதிதாக வாங்கிய ஃபேன் நின்றது. இரைச்சல் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இரையுதா?"

"இரையுது."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். மாமனார்தான் கண்ணைத் திறந்து, "மாப்ள, பஸ்ஸு வந்துருமே" என்றார்.

"போகட்டும் மாமா. நாளைக்குப் போய்க்கிறேன்."

மடியில் என் வலது கை விரிந்தே கிடந்தது. அவர் தன் மெலிந்த கையைத் தூக்கி அதில் வைத்தார். நசுக்காமல் பிடித்துக்கொண்டேன்.