சந்தனம் பூசிய கார்டுக் கட்டு

1973ஆம் ஆண்டு, புரட்டாசி. காரைக்குடியில் கணித எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டுமானால் முதல் வகுப்பு போதாது. சொந்தமாக எழுதிய ஒரு புரோகிராமை கம்ப்யூட்டரில் ஓட்டி, அச்சாகி வந்த விடையை நேர்முகத்தில் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் ஏது? மதுரைக்குப் பேருந்தில் போய், கம்ப்யூட்டர் படிப்பதற்காகப் புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாக, கார்டுகளில் துளையிட்டுக் கொண்டுவந்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் நேரம் கிடைக்கும்வரை அந்தக் கார்டுக் கட்டை எங்கள் கணிதத் துறை அலமாரியில் வைத்தேன்.

சரஸ்வதி பூஜை முடிந்து திரும்பினால், கட்டின் பக்கவாட்டில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த எங்கள் பேராசிரியரே தம் கையால் வைத்தாராம். ஈரம் இறங்கி, கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மிஷின் இழுக்காது, மறுபடி துளையிட்டு வருகிறேன் என்று அவரிடம் கெஞ்சினேன்.

"எனக்கே பாடம் நடத்துறீகளா தம்பி? சாமிக்கு வச்சது, நல்லதுதான் நடக்கும்."

சென்னைக் கம்ப்யூட்டரில் எங்களுக்குக் கிடைத்த முறை தவறிவிடும் என்று அன்றே கட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டார். பியூன் அண்ணன் என் காதருகே வந்து, "மிசினுக்கும் சேத்து ஒரு எலுமிச்சம்பழம் அனுப்பியிருக்கலாம்" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. மிஷின் கார்டுகளைக் கிழித்துத் துப்பியது. மீதி, குப்பையாகத் திரும்பி வந்தது. அடுத்த முறை கிடைப்பதற்குள் நேர்முகம் வந்துவிட்டது.

கார்த்திகையில் சென்னை போனேன். தேர்வுக் குழுவில், மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வியே அவருடையது.

"விடை எங்க தம்பி?"

சந்தனம் பட்டு ஒட்டிக்கொண்டதைச் சொன்னேன். யார் வைத்தது என்பதை அவரே சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி கொஞ்சம் அதிகம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெற்றிலைக் காவி ஏறிய அந்தப் பற்களை இன்றும் நான் மறக்கவில்லை.

மாடிப்படியில் பின்னாலேயே வந்து என் தோளில் கைபோட்டார்.

"அடுத்த வருசம் நான் பாத்துக்கிறேன். அதுக்குள்ள மதுரைக்குப் போயி, என்னோட கட்டுரைக்கு உள்ள கார்டையும் குத்திக் குடுத்திருங்க."

அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டேன். மதுரைக்குப் போகவில்லை. மறு ஆண்டும் அதே குழு, அதே நாற்காலியில் அவர். இடம் கிடைக்கவில்லை. அந்தக் கையை எடுத்துவிட்டதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை.