பேசாமல் இருக்கும் போட்டி

பிள்ளைகளைச் சும்மா இருக்க விடாமல் எதையாவது செய்ய வைத்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு அம்மாவின் நினைப்பு வராது என்று நான் நம்பினேன். நாற்பத்தாறு வயதில், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு, முழு நினைவோடு நம்பினேன். வைக்கோல் போட்டுக்கொண்டே இருந்தால் மாடு கத்தாது என்று நினைப்பது போலத்தான் இது. எங்கள் மாடு தின்றுகொண்டே கத்தும். அதையும் நான் கவனித்ததில்லை.

அந்தக் கோடையில் என் மனைவி சென்னைக்குப் போயிருந்தாள். அவளுடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கப் போவதாக ஒருநாள் அவள் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். "கடவுள் ரெண்டா வச்சதே ஒண்ணு தம்பிக்குத்தான்" என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் கணவனின் சம்மதம் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை எந்த பேங்கில் நீட்டியிருந்தாலும் என்னைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். "மாமாவுக்கு உடம்பு சரியில்ல, அம்மா கூட இருந்து பாத்துக்கப் போறாங்க." அவ்வளவுதான் அவர்களுக்கு. சென்னையில் அவளுக்குத் துணையாக அவளுடைய சித்தி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊரில், ஸ்கூல் லீவு விட்ட மூன்று பிள்ளைகளோடு நான்.

மூத்தவளுக்குப் பதிமூன்று, அடுத்தவன் பத்து, சின்னவளுக்கு ஆறு. உரக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். ஆறு மணிக்குப் பல் துலக்கல் என்பதில் தொடங்கி மணிக்கு ஒரு விளையாட்டு. காசு செலவில்லாதது மட்டும். உரச்சாக்குக்குள் இறங்கிக் குதித்து ஓடும் பந்தயம். தென்னங்குரும்பையில் ஈர்க்குச் செருகிய தேர். பழைய நோட்டுத் தாளில் தொப்பி. டம்ளரில் விதைநெல்லை ஊறவைத்து யாருடையது முதலில் முளைக்கிறது என்று பார்ப்பது. உளுந்தில் கல் பொறுக்கும் போட்டி. கடைசியாகச் சொன்னது விளையாட்டே இல்லை, என்னுடைய வேலை. மகன் மட்டும் அதைக் கண்டுபிடித்தான்.

"இதுல ஜெயிச்சா என்னப்பா தருவ?"

"இன்னொரு மரக்கா உளுந்து தருவேன்டா."

மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் ஒரு போட்டி வைத்தேன். யார் அதிக நேரம் பேசாமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு மாம்பழம். நான் தூங்குவதற்காகக் கண்டுபிடித்த விளையாட்டு அது. மூத்தவள் பத்து நிமிடத்தில் தோற்பாள், மகன் ஒரு நிமிடத்தில். தினமும் சின்னவளே ஜெயித்தாள். சமர்த்துப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குத்தான் அழைப்பு வரும். வார்டுக்குள் போன் கூடாது. பார்க்க வருகிறவர்களை உள்ளே விடும்போது சித்தி தன்னுடையதைக் கொண்டுபோய், பத்து நிமிடம் வீடியோவில் காட்டுவாள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் முகம் தெளிவாகத் தெரியும். பத்து நிமிடத்தை மூன்று பேருக்குப் பங்கு வைக்க வேண்டுமே. அதற்கு நான் ஆற்றுத் தண்ணீருக்கு வைக்கும் முறையையே வைத்தேன். மேலே இருப்பவர் முதலில், அப்புறம் நடுவில் இருப்பவர், அப்புறம் கடைசி. மூத்தவளுக்கு நான்கு நிமிடம், அடுத்த இருவருக்கும் மூன்று மூன்று. அட்டவணையிலும் எழுதி ஒட்டினேன்.

இதில் ஒரு கேவலம் உண்டு. எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். முறை வைத்தால் எங்கள் முறை வரும்போது ஆற்றில் மணல்தான் இருக்கும். விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி இதைக் கத்துகிற ஆள் நான். இருபது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாடியில் மூத்தவள் நான்கு நிமிடத்தை ஆறாக்குவாள். மகன் தான் செய்த தேரைக் காட்டி மிச்சத்தை முடிப்பான். சின்னவள் கைக்குப் போன் போகும்போது சித்தி, "நர்ஸ் வர்றாங்க, வைக்கிறேன்" என்பாள். சின்னவள் கையை ஆட்டுவாள். எதிரில் அம்மாவும் கையை ஆட்டுவாள். போன் அணையும். சின்னவள் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கிப் போவாள். கேட்காத பிள்ளைக்குக் குறையில்லை என்று நானும் இறங்குவேன்.

ஆபரேஷன் நாளன்று எனக்குப் பயம் முற்றிவிட்டது. பயம் முற்றினால் எனக்குப் பெரிய திட்டமாக வரும். நெல் மூடும் படுதாவை முற்றத்தில் விரித்து, சுற்றிலும் மண் மூட்டை அடுக்கி, மோட்டாரைப் போட்டு நீச்சல்குளம் கட்டினேன். பிள்ளைகள் அதில் விழுந்து புரண்டார்கள். நான் ஓரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ, குதி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மூன்று மணிக்கு மூட்டை சரிந்து, தண்ணீர் முழுவதும் எதிர்வீட்டு அக்காவின் மாட்டுக்கொட்டகைக்குப் போனது.

"ஏன் தம்பி, ஊருக்கே தண்ணி இல்லங்கிறீங்க, என் மாட்டுக்கு மட்டும் வெள்ளம் விடுறீங்களே?"

திட்ட வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு விஷயம் தெரியும். நாலு மணிக்குச் சித்தி பேசினாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். அன்றைக்கும் மறுநாளும் அம்மா பேச மாட்டாள் என்பதற்குப் பிள்ளைகளிடம், "சித்தி போன்ல சார்ஜ் இல்லையாம்" என்றேன். மூன்றாம் நாளிலிருந்து படுத்தபடியே பேசினாள். ஏன் படுத்துக்கிட்டே பேசுற என்று மகன் கேட்டதற்கு, அசதியா இருக்குடா என்றாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வழக்கம்போலப் பேசாமல் இருக்கும் போட்டி. நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது மூன்றரை. மூத்தவளும் மகனும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் இல்லை.

வீட்டுக்குள் தேடினேன். கொல்லையில், வைக்கோல் போருக்குப் பின்னால், எதிர்வீட்டில். மாடியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சித்திரை வெயிலில் யார் மாடிக்குப் போவார்கள்? அவ்வளவு நேரமும் கால் குளத்தின் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு சின்ன செருப்பு கிடந்தது. அது அவளுடையது இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. குதித்துவிட்டேன்.

குளத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். காலையில் அதே இடத்தில்தான் மாட்டைக் குளிப்பாட்டினேன், அதன் வயிறு நனையவில்லை. ஏதோ ஆழ்கடலில் பாய்கிறவன் மாதிரி கையை நீட்டித் தலைகுப்புறப் பாய்ந்து, முழங்கை வரைக்கும் சேற்றில் செருகி எழுந்து நின்றேன். கரையில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னண்ணே, மீனா?"

"புள்ளையக் காணும்டா!"

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஐந்து பேரும் கை கோத்து வரிசையாக, காலால் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே அந்தக் கரைக்கு நடந்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் தேடுவார்கள். பாதிக் குளத்தில் உருண்டையாக ஏதோ என் காலில் இடித்தது. நான் நின்றேன். என் கை இழுத்ததில் மற்ற நாலு பேரும் நின்றார்கள். குனிந்து கையை விட முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் விட்டார். தேங்காய். அவர் அதைக் கரையில் எறிந்துவிட்டு, "நடங்கண்ணே" என்றார். நடந்தோம். இதை வைத்து இன்றுவரை என்னால் ஒரு வேடிக்கையும் சொல்ல முடிந்ததில்லை.

அந்தக் கரை ஏறும் நேரத்தில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. வத்தல் எடுக்கத் தன் மாடிக்கு ஏறியவர் அங்கிருந்தே கூப்பாடு போட்டார்.

"தம்பீ! எங்க தேடுறீங்க? ஒங்க புள்ள ஒங்க மாடியிலதான் ஒக்காந்திருக்கு!"

சேறு சொட்டச் சொட்ட ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்தது. அதற்குள் உரச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், காலி.

"இங்க என்னடி பண்ற?"

உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"எப்பலேருந்து ஒக்காந்திருக்க?"

மூன்று விரலை நீட்டி, மூன்று மணி தாண்டிவிட்டதா என்று சைகையில் கேட்டாள். தாண்டிவிட்டது என்றதும்தான் வாயைத் திறந்தாள். "நீ தூங்குனதுலேருந்து. இன்னிக்கு நாந்தான் ஃபர்ஸ்ட்டு. அக்கா அப்பறந்தான்."

எதிர்வீட்டு அக்கா தெருவைக் கடந்து எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடைமடை கடைமடைன்னு மைக்கப் புடிச்சுக் கத்துறீங்களே தம்பி, ஒங்க வீட்டுக் கடைமடை வெயில்ல காஞ்சுக்கிட்டு இருக்கு. அத முதல்ல பாருங்க."

நான் கூட்டத்தில் எத்தனையோ அதிகாரிகளைக் கேள்வி கேட்டு வாயடைத்திருக்கிறேன். அன்று அந்த அதிகாரிகளின் இடத்தில் நின்றேன். "இன்னிக்கு நீதான்டி ஃபர்ஸ்ட்டு" என்று சொல்லிச் சட்டைப் பையில் கையை விட்டேன். போனோடு கொஞ்சம் குளத்துத் தண்ணீரும் சேறும் வந்தன.

திரையில் ஒன்றும் இல்லை. உலுக்கினேன், உதறினேன், ஊதினேன். அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். மணி நாலே முக்கால். சித்தியின் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை, யாருக்குத்தான் இருக்கிறது? சின்னவள் அழவில்லை. அரிசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மூத்தவள்தான் வழி கண்டுபிடித்தாள். என் போனின் சிம்மை எடுத்துத் துடைத்து, எதிர்வீட்டு அக்காவின் பட்டன் போனில் வைத்து, சின்ன சிம் நகராமல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். நாலு பேரும் மாடிக்குப் போய் உட்கார்ந்தோம். ஐந்தரை ஆனது. ஒன்றும் வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த போனில் வீடியோ ஏது? ஐந்து முப்பத்தேழுக்கு அது மணி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு, சின்னவளிடம் கொடுத்தேன்.

"அலோ, யாரு பேசுறா?" அம்மாவின் குரல்.

சின்னவள் வழக்கம்போலக் கையை ஆட்டினாள்.

"அம்மாவுக்கு நீ கையாட்டுறது தெரியாதுடி, பேசு" என்றான் மகன்.

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அம்மா, ஒன் வயித்துலேருந்து எடுத்தாச்சா?"

மகன் என்னைப் பார்த்தான். நான் தொட்டியைப் பார்த்தேன்.

"எடுத்தாச்சும்மா" என்றாள் என் மனைவி. "ஒனக்கு யாரு சொன்னா?"

"அப்பா."

நான் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் எதிர்வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தேன். சிறுநீரகத்தை வைத்தவுடன் அவள் தம்பிக்கு மூத்திரம் வர வேண்டும், வந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றெல்லாம் சொன்னேன். பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு சின்னவள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசாத பிள்ளை என்பதால் அவள் அங்கே இருப்பதே எனக்கு நினைவில்லை.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது. இருமுனா வலிக்குது. ஆனா முந்தா நாளு அளவுக்கு இல்ல."

"மாமாவுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?"

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, "அய்யோ, சிரிக்க வைக்காதடி" என்று முனகினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துச்சு. அன்னிக்கே வந்துச்சு" என்றாள்.

"நீ செத்துப் போவியா?"

"போவ மாட்டேன்."

"சத்தியமா?"

"டாக்டரு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்கு நாலு அடி நடந்தேன். நாளைக்கு அந்தக் கதவு வரைக்கும் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"எந்தக் கதவு?"

அந்தக் கதவு எங்கே இருக்கிறது, என்ன கலர், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூத்தவள் சுவரின் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். மகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீட்டவில்லை. சித்தி, நர்ஸ் வருவதாகச் சொன்னாள். சின்னவள் போனை மூத்தவளிடம் கொடுத்தாள். அதற்குள் அங்கே வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சின்னவள் ஒன்பது நிமிடம் பேசினாள். மற்ற இருவரும் அம்மாவிடம் பேசவில்லை.