தொடாமல் எழுப்பிய காலைகள்

“1956, தை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.” பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. போன வாரம் மகள் தொலைபேசியில் எனக்குக் காலைப் பழக்கங்கள் சொல்லிக்கொடுத்தாள். எழுந்ததும் தண்ணீர், பிறகு இளவெயில், பிறகு நடை. “கேக்குறியாம்மா? நாள் முழுக்க சுறுசுறுப்பா இருக்கும்.” கேட்டேன். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இதையெல்லாம் நாங்கள் பயத்தில் பழகினோம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தைத் தேடினேன். தேதி இல்லாமல் எனக்கு எதுவும் நினைவுக்கு வராது, அப்படியொரு வியாதி.

என் கணவர் தணிகாசலம் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், வியட்நாம் சண்டை முடிந்து சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆவணியில் கல்யாணம். விடியுமுன் எழுந்து, தூங்கும் புருஷனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வாசல் தெளிக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் நாள் தொட்டேன். அடுத்த கணம் என் கழுத்து அவர் கையில். கண் திறந்திருந்தது, அதில் நான் இல்லை. விட்ட பிறகு என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கினார்.

அன்று மஞ்சள் பூசிக் குளித்திருந்தேன்; இன்றும் மஞ்சள் தண்ணீர் வாசனை வந்தால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

பிறகு தொடுவதை நிறுத்தினேன். வளையலைக் குலுக்கினேன், செம்பைத் தட்டினேன். சத்தத்துக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். “ஏங்க” என்றால் காதில் விழாது. கடைசியில் அந்தத் தை மாதம், எந்தப் பெண்ணும் சொல்லாததைச் சொன்னேன்.

“தணிகாசலம்! இது பாகூரு. நம்ம வூடு. விடிஞ்சிடுச்சி.”

எழுந்து உட்கார்ந்தார். கொல்லையிலிருந்து மாமியார் ஓடிவந்தார்.

“இன்னாடி இது, புருஷன் பேர ஏலம் போடுற? தெருவே கேக்குது!”

“வுடும்மா,” என்றார் அவர். “அவ கூப்ட்டாதான் நான் எந்த ஊர்ல கீறேன்னு தெரியுது.”

அதன்பின் காலைகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. பெயர், ஒரு செம்புத் தண்ணீர், கிணற்றடியில் தலைக்குக் குளியல், வெங்காயம் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ், ஏரிக்கரையில் நடை. திரும்பி வரும்போது முகத்தில் களை ஏறியிருக்கும்; மாட்டோடுகூடப் பேசுவார். கரும்புச் சோகை உரிப்பதில் அவரை யாரும் முந்த முடியாது. நானும் கொஞ்சம் சதை போட்டேன். ஆனாலும் மகள் பிறந்தபோது தூளியைக் கூடத்தில், அவர் படுக்கும் அறைக்கு எட்டத்தில்தான் கட்டினேன்.

1959, பங்குனி. கரும்பு வெட்டு. மாமியார் விடியுமுன்னே வயலுக்குப் போய்விட்டார்; கணவரை நான் இன்னும் எழுப்பவில்லை. நான் கொல்லையில் கூழ் துழாவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் தூளி காலி. நடக்கப் பழகிய பிள்ளை நேராக அறைக்குள் போய் அவர் மார்மீது ஏறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றேன். பெயர் தொண்டைக்கு மேலே வரவில்லை. அவர் கை எழுந்து குழந்தையின் தோளைக் கவ்வியது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்; அப்புறம் வீறிட்டாள்.

அந்த அழுகையில் விழித்தார். முதலில் தன் கையைத்தான் பார்த்தார். குழந்தையின் தோளில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“கொயந்தைய எதுக்குடி உள்ள வுட்ட?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை, குரலே இல்லை.

மறுநாள் நான் கண் விழித்தபோது அவர் பாய் சுருட்டியிருந்தது. ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார். அதன்பின் சாகும்வரை விடியலில் அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. அவரை எழுப்பும் வேலை எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. இப்போது அந்தக் கிணறும் இல்லை, தூர்த்துவிட்டார்கள். அப்பா சுறுசுறுப்பான மனிதர் என்றுதான் மகள் எல்லோரிடமும் சொல்கிறாள்.

அத்தனை வருஷமும் எங்களுக்கு முன்னால் அவர் தூங்கி எழுந்தாரா, தூங்காமலே விடியலுக்குக் காத்துக் கிடந்தாரா? பஞ்சாங்கங்களில் குறிப்பு இல்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இது இன்றுவரை உறுதி செய்யப்படாதது.