மெக்சிகோக் கடற்கரைக்கு ஒரு பாஸ்

முல்லைத்தீவுக் கடற்கரையில் திரேசம்மா தென்னோலைக் கிடுகின் மேல் மீனைக் காயப் பரப்பிக்கொண்டிருக்கிறா. அவாவின் தம்பி கனடாவிலிருந்து எழுதிய கடிதம் என் கையில், வியர்வையில் நனைந்துபோய் இருக்கிறது. வவுனியாவிலிருந்து, வழியில் ஆமிக்காரரிடம் ஒரு பயணப் பாஸும் போராளி இயக்கத்திடம் ஒரு பாஸும் காட்டி, அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். திரும்பிப் போகவும் வேறு பாஸ் எடுக்கவேண்டும்.

"கண்ணாடி உடைஞ்சு போச்சு. நீங்களே வாசியுங்கோ."

தம்பி சிநேகிதரோடு மெக்சிகோவில் ஒரு கடற்கரைக்குப் போய் வந்திருக்கிறான். அக்கா என்றாவது வந்தால் உதவும் என்று எல்லாம் விபரமாக எழுதியிருக்கிறான். குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடாது, போத்தல் தண்ணீர்தான். மணல் சுடும், செருப்போடுதான் நடக்கவேண்டும். வெயிலில் இறங்குமுன் முகத்துக்குக் கிறீம் பூசவேண்டும்.

"இந்த வெயிலுக்கை கரைவலை இழுத்தவன். அவனுக்குக் கிறீமோ?" வெறுங்காலோடு நின்று சிரிக்கிறா. "பிறகு?"

சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கடலில் இறங்கக்கூடாது.

"ஆர் ஏத்துறது? நேவியோ?"

"இல்லை அக்கா. அலை கூடின நாளில குளிக்கிற ஆக்களுக்கு அறிவிக்கிறதாம்."

மீனைப் பரப்புவதை நிறுத்திவிட்டுக் கிட்ட வருகிறா. கடைசி வரிவரை வாசித்து முடிக்கிறேன்.

"பாஸ் எங்கை எடுக்கிறதெண்டு எழுதேல்லையே. பின்பக்கமும் பாருங்கோ."

திருப்பிப் பார்க்கிறேன். வெறும் தாள்.

"அங்கை கடற்கரைக்குப் போகப் பாஸ் தேவையில்லை அக்கா."

"போறதுக்குக் கேக்கேல்லை," என்கிறா. "திரும்பி வாறதுக்கு."