கிழித்தெடுத்த கடைசி அத்தியாயம்

அண்ணன் மர்ம நாவல்களை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தங்கையிடம் கொடுப்பார். "எப்படிக் கொன்னான்னு கடைசியிலதான் விளக்குறாங்க. பொம்பளைப் பிள்ளைக்கு அது எதுக்கு?" கொலை செய்யும் வித்தையைத் தெரிந்துகொண்டு அண்ணன் கெட்டுப்போகவில்லை. தங்கை மட்டும் கெட்டுப்போவாளாம். இதை எந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாம் ஒரே எழுத்தாளரின் நாவல்கள். தங்கைக்கு அவர் "எங்க ஆளு". முடிவு கைக்கு வராததால் யோசித்து யோசித்துத் தானே முடித்துக்கொள்வாள். பிறகு கல்யாணம், ஒரு மகள், மருத்துவமனையின் துணிப் பிரிவில் தையல் வேலை. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டே தலை நரைத்தது. எங்க ஆளு மறந்தே போனார்.

போன வருடம் மகள் டிவியில் புதிய தொடர் ஒன்றைப் போட்டாள். வாரம் ஒரு கதை. முதல் காட்சியில் யாரோ காலிப் பெட்டியைத் திறந்து அலறியதுமே, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"அட, இது எங்க ஆளு கதை. எடுத்தது கணக்குப்பிள்ளை."

கணக்குப்பிள்ளையேதான். அடுத்தடுத்த வாரங்களிலும் அவர் கை காட்டியவருக்குத்தான் விலங்கு. மாப்பிள்ளை இதை அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

கடைசிக் கதையில், பூட்டிய மாடி அறைக்குள் ஒரு பணக்கார அம்மாள் செத்துக் கிடந்தார். "டாக்டர்தான். புதுசா வர்றவரு எந்த அறைன்னு கேக்காம நேரா மாடி ஏறுறாரு பாரு." ஆனால் திரையில் கொன்றது, இறந்துபோன மூத்த தாரத்தின் ஆவி.

"அத்தை, இந்தத் தடவை கோட்டை விட்டுட்டீங்க," என்றார் மாப்பிள்ளை.

விருந்தாளியாக வந்திருந்த அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "நான் கிழிச்சது நல்லதாப் போச்சு. படிச்சிருந்தா பயந்திருப்ப."

"அப்ப நாவல்லயும் ஆவிதானா, அண்ணே?"

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு? இருக்கும், இருக்கும்."

தங்கையின் முகம் சிவந்தது. கொன்றது ஆவி என்றால், இத்தனை வருடம் அவர் நம்பியிருந்த தன் புத்தியே பொய். "ஆவிக்குச் சொத்து எதுக்கு? மனுசனுக்குத்தான் வேணும். எங்க ஆளு அப்படி எழுதுற ஆளு இல்ல."

தொடர் ஓடிய சூட்டில் அந்த நாவல்கள் மறுபடி அச்சாகியிருந்தன. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் அந்த மாடி அறைக் கதையை வாங்கி வந்தார். ஒரு பக்கம்கூடக் குறையாதது. அதை அவர் திறக்கவில்லை. அண்ணனிடம் நீட்டி, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார்.

"கடைசி அத்தியாயம். நீங்களே வாசிங்க, சத்தமா."

அண்ணன் முனகிக்கொண்டே தொடங்கினார். கள்ளச்சாவி வந்தது. உயில் வந்தது. ஆவி என்று காட்ட ஜன்னலில் கட்டிய வெள்ளைத் துணி வந்தது. அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றது.

"என்ன மாமா, தொண்டை அடைக்குதா? யாருன்னு சொல்லுங்க," என்றாள் மகள்.

"டாக்டர்."

"கேக்கல," என்றார் தங்கை.

"டாக்டர்தாம்மா."

மாப்பிள்ளை கை தட்டினார். முழுசாகப் படித்தவருக்கு மறந்துபோயிருந்தது. படிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர் கண்டுபிடித்திருந்தார். அண்ணன் புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதீங்க. எப்படிக் கொன்னான்னு இன்னும் வரல," என்ற தங்கை, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்.