ஊறுகாய் ஜாடியில் பூத்த பூசணம்

இன்று காலை நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால், மேலே வெள்ளையாய்ப் பூசணம்!

"ஈரக் கரண்டியப் போட்டது யாரு?" என்று மாமியார் என்னைப் பார்த்தார்.

கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுப்பவள் நான். துள்ளிக் குதித்தேன்.

"அத்தே, இம்புட்டு உப்புல கிருமியெல்லாம் தண்ணியிழந்து சுருண்டு செத்துரும். இது மட்டும் உள்ளுக்குள்ள கிளிசரால்னு ஒரு பொருளச் செஞ்சு சேத்துக்கிட்டு, தண்ணிய விடாமப் பிடிச்சு வச்சிருக்கு! இடத்துக்குத் தக்கன தன்னையே மாத்திக்கிருச்சு!"

கொட்டப் போனவரைத் தடுத்து, ஆய்வகத்துக்குக் கொஞ்சம் சுரண்டி ஒரு டப்பாவில் எடுத்தேன்.

மாமியார் அசரவில்லை. "இதுல என்னத்தா அதிசயம்? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ எல்லாரும் அப்படித்தான பொழைக்கிறோம்."

டப்பாவோடு திருநகர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மருமகள்களே, உங்கள் வீட்டில் உப்பு எப்படி?