பிரேக் குழாயில் பூசிய திருநீறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அக்காவின் மகன் செல்வம் என்னிடம் கேட்டபோது, எழுதத் தெரிந்த மாமா என்பதால் கேட்கிறான் என்று மகிழ்ந்தேன். மற்ற எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். அக்கா ஒன்றையும் விடாமல் படிப்பார். படித்து முடித்ததும், "தம்பி, எங்கெங்க சிரிக்கணும்னு பென்சில்ல ஒரு கோடு போட்டுக் குடுத்துருப்பா" என்பார். ஆகவே இந்தக் கட்டுரையில் பெரிதாக முயற்சி எதுவும் செய்யப்போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா சாணார்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்தார். எங்கள் தோட்டத்தில் கத்தரியும் மல்லிகையும் விளைந்தன. பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டினார். செல்வம் பள்ளியில் படிக்கும்போதே அத்தான் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர், காரை யாரிடம் விற்கலாம் என்ற யோசனையோடுதான் வந்திருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் காரை இறக்கி ஓட்டப் பழகினார். சொல்லிக் கொடுக்கப் போன என்னை, கதவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று பாதியில் இறக்கிவிட்டுவிட்டார்.

அதன் பிறகு பின் சீட்டைக் கழற்றிவிட்டு, விடியற்காலையில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூ மூட்டைகளை ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவதே அவருடைய தொழில். அந்த வருமானத்தில்தான் செல்வம் படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் முடித்தான். கார் கிழமாயிற்று. ஆனால் காலம் வேடிக்கையானது. பழைய கார் என்று முகம் சுளித்தவர்களின் பிள்ளைகள், 'கிளாசிக் கார்' என்று சொல்லிக் கல்யாணப் போட்டோ எடுக்க அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். கழற்றிய பின் சீட் அதற்காக மறுபடி உள்ளே ஏறியது. மணப்பெண்கள் பானட்டில் சாய்ந்து நிற்பதற்கு முன்னால் அக்கா அதைத் துடைத்துவிடுவார். அழுக்குக்காக அல்ல, சூடு பார்ப்பதற்காக.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் பேத்தியைப் பள்ளியில் விடப் போகும் வழியில், அக்கா மிதித்த பிரேக் தரை வரைக்கும் போயிற்று. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், அடியில் துருவேறிப் பொத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை செல்வம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, பாப்பா உள்ள இருந்தா."

"இருந்தா. நானும் இருந்தேன்."

"வண்டியக் குடுத்துருவோம். மதுரையில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. திங்கக்கெழம வந்து பாக்கச் சொல்லிருக்கேன்."

 அக்கா சொன்னார்: "குழாய் பூராத்தையும் மாத்துறேன். ஞாயித்துக்கெழம சிறுமலைக்கு ஏறி எறங்குவோம். நீயும் கூட வா. ஒரு சொட்டுக் குறை இருந்தாலும் சாவி உன் கையில. இல்லன்னா வண்டிப் பேச்சு எடுக்கக்கூடாது."

செல்வம் ஒப்புக்கொண்டான். சாட்சியாக என்னையும் என் மனைவியையும் வரச் சொன்னார்கள். சாட்சி பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பேகம்பூரில் ரபீக் பாய் பட்டறையில் குழாய் தேர்ந்தெடுத்த நாளில் நானும் இருந்தேன். செல்வத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அக்கா அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

"செம்புல போட்டுருவோம்க்கா. கைய வச்சா வளையும். அரை நாள் சோலி" என்றார் பாய்.

"அது ஃப்ரிட்ஜுக்குப் போடுற குழாய்தான பாய்?"

"குழாய் குழாய்தானக்கா."

"ஃப்ரிட்ஜு மலை எறங்காது பாய். அதிர்ந்து அதிர்ந்து செம்பு விரிசல் விட்டுரும்."

மதுரைக் கடையில் இரும்புக் குழாய் கிடைத்தது. துருப்பிடிக்காமல் பூச்சு பூசி, அளவாக வெட்டி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த அளவு வேறு காருக்கு. நடுவில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஒழுகுகிற இடம் என்று அக்கா அதைத் தள்ளிவிட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இணையத்தில் இரண்டு இரவு படித்திருந்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலத்துக்கும் வரும் என்றேன். அதன் முனையை விரித்து உட்கார வைப்பது கஷ்டம், ரொம்பக் கெட்டி, சரியாக மூடாது என்றார் பாய். அக்கா என்னைப் பார்த்தார்.

"காலத்துக்கும் வரும், வாய் மூடாது. உன்ன மாதிரிடா."

கடைசியில் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். துருவேறாது, கையால் வளையும், அழுத்தமும் தாங்கும். பாய் ஒவ்வொரு முனையையும் இரண்டு மடிப்பாக விரித்துப் பொருத்தினார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குழாய் முன் சக்கரங்களுக்குப் பிரிகிற இடத்தில், ஆங்கில 'T' வடிவில் இருக்கும் டீ ஜாயிண்ட் பார்சலில் வரவில்லை.

"ஒரு வாரம் பொறுங்கக்கா, புதுசு வந்துரும்" என்றார் பாய்.

ஒரு வாரம் இல்லை. திங்கட்கிழமை மதுரைக்காரர் வருகிறார். அக்கா பழைய ஜாயிண்ட்டைக் கையில் எடுத்து, புடவை முந்தானையால் துடைத்துப் பார்த்தார். "பித்தளைதான பாய், துருவா ஏறப்போகுது? அவுக கையால மாட்டுனது. இதையே போடுங்க." பாய்க்கு இஷ்டமில்லை. ஆனால் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பானட்டைத் திறந்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் திருநீறு பூசினார். பக்தி அல்ல. பிரேக் ஆயில் ஒரு துளி கசிந்தாலும் திருநீறு கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மார்க்கெட்டுக்கு ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து அவர் செய்துவந்த வேலை. இதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மலையடிவாரக் கோயிலில் நிறுத்தினோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கப் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, அக்கா தேங்காய் வாங்கப் போனார். திரும்பி வரும்போது என் மனைவி எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். அக்காவும் நெற்றியைக் காட்டினார். ஏறினோம்.

ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. அக்கா ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து நிதானமாகத் திருப்பினார். முன் சீட்டில் செல்வம் ரோட்டைப் பார்க்காமல் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் பள்ளத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக என் மனைவியோடு பேச்சுக் கொடுத்தேன். எங்கள் திருமண வாழ்வில் நான் அவள் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டது அன்றுதான்.

மேலே போய் மலைவாழைப்பழம் வாங்கி, டீ குடித்து, இறங்கும் நேரம் வந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. டீக்கடைக்கு எதிரே கீழே போகிற கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா பானட்டைத் திறந்து குனிந்தார். நிமிரவில்லை.

"யாரு தொட்டா இத?"

மற்ற எல்லா இணைப்புகளும் வெள்ளையாக, காய்ந்து இருந்தன. டீ ஜாயிண்ட் மட்டும் சுத்தமாக வழித்தெடுத்ததுபோல் இருந்தது. அக்கா எங்கள் நெற்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாந்தான் மதினி" என்றாள் என் மனைவி. "வண்டிக்குப் பூசை பண்ணிருக்கீகன்னு நெனச்சேன். சாமி விபூதின்னு..."

"நல்லா எடுத்த போ, ஆத்தா" என்றார் அக்கா. கோபம் இல்லை. கோபத்துக்கு நேரம் இல்லை. ஜாயிண்ட்டைத் துணியால் துடைத்தார். என் மனைவியின் பையிலிருந்த கோயில் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசினார். "செல்வம், ஏறி உக்காந்து பிரேக்க மிதி. விடாம அமுக்கிப் பிடி. நீ லைட்டக் காட்டுடா தம்பி."

நான் செல்போன் விளக்கைக் காட்டினேன். செல்வம் மிதித்தான். ஒன்றும் இல்லை. விடச் சொல்லி மறுபடி மிதிக்கச் சொன்னார். பஸ் கண்டக்டர் குரல் கேட்டது: "கீழ போறவுக ஏறுங்க. இதுக்கப்புறம் வண்டி கெடையாது."

அப்போது ஜாயிண்ட்டின் கீழ் விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தது. கடுகளவுதான். வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில். நாங்கள் இருவர் மட்டும்தான் பார்த்தோம். செல்வத்துக்கும் எங்களுக்கும் நடுவில் பானட் நிமிர்ந்து நின்றது.

"பனியா இருக்கும்க்கா" என்றேன் மெதுவாக.

"பனி ஒரு எடத்துல மட்டும் பெய்யுமாடா?"

"இம்புட்டுக் கசிவுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. மொதல் கியர்ல மெதுவா எறக்குனா போயிரலாம்."

"போயிரலாம்" என்றார் அக்கா. பொய்யில்லை, அவரால் முடியும். அந்த மலையில் பிரேக்கைக் கணக்காக மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். சில நாளில் புது ஜாயிண்ட் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. ஒரு ஊதல் ஊதினால் அந்தத் திருநீறும் பறந்துவிடும்.  அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்லப் பெரிதானது.

"கால எடுத்துட்டு எறங்கி வா செல்வம்" என்றார். "கசியுது. வந்து பாரு."

அவன் வந்து, எந்த இணைப்பு என்று தெரியாமல் குனிந்து பார்த்தான். "எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. குழாய்ல குத்தமில்ல. பாய் வேணாம்னாரு, நாந்தான் பழைய ஜாயிண்ட்டப் போடச் சொன்னேன்." சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "மதுரக்காரருக்குச் சொல்லிரு. வண்டி மலை மேல நிக்கிதுன்னும் சொல்லு, கசியுதுன்னும் சொல்லு. மறைச்சு விக்காத. ஏறுங்க எல்லாரும், பஸ்ஸு போயிரப் போகுது."

டீக்கடைக்காரர் காரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பஸ்ஸில் அக்காவும் செல்வமும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். நாங்கள் அடுத்த சீட்டில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அக்காவின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. வளைவு முடிந்ததும் விட்டது. செல்வம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். 

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் யாருக்கோ போன் செய்தான். திரும்பி வந்து சாவியை நீட்டினான்.

"மதுரக்காரர வர வேணாம்னுட்டேன்."

"ஏன்டா? பேச்சுனா பேச்சுதான்."

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சுருக்காதும்மா." சாவியை நீட்டியபடியே சொன்னான்: "ஜாயிண்ட்ட மாத்தி வண்டியக் கீழ எறக்கு. பாப்பாவ நீயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "பசிக்குது" என்றார். நாங்கள் பிரியாணி சாப்பிடப் போனோம். அன்று அவர் என்னைவிட அதிகம் சாப்பிட்டார். அது எளிதில் நடக்கிற காரியம் அல்ல.

அதன் பிறகும் சில வருடங்கள் ஓட்டினார். புதுக் குழாயில் ஒரு சொட்டுக் கசிவு வந்ததில்லை. போன ஆண்டு பங்குனியில் ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்து, காரை நிழலில் நிறுத்திவிட்டு, செல்வத்தை வேலையிலிருந்து வரவழைத்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க விழுந்துச்சு. நிறுத்திட்டேன். பிரேக்கு நல்லாத்தான் பிடிக்கிது" என்றார். "ஆனா மிதிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சேன்டா. யோசிக்கக்கூடாது."

சாவியை அவன் கையில் கொடுத்தார். அடுத்த மாதம் மூச்சுத் திணறல் என்று படுத்தவர், பிறகு எழவில்லை.

மருத்துவமனையில் அவரைத் தங்கள் தாய்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பழைய ஜாயிண்ட் சமாச்சாரத்தைக் கடைசி வரை அவரிடம் குத்திக்காட்டாத ரபீக் பாய்க்கும், மலை மேல் நின்ற காருக்கு ராத்திரிகளில் காவல் இருந்த சிறுமலை டீக்கடைக்காரருக்கும், இறுதி ஊர்வலத்துக்கு மல்லிகையும் கனகாம்பரமும் கொண்டுவந்து குவித்த பூ மார்க்கெட் நண்பர்களுக்கும், காரியத்துக்கு வந்து காரின் விலையைக் கேட்காமல் போன உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வத்துக்கு என் தனிப்பட்ட நன்றி. தாயிடமிருந்து அந்தச் சாவியை வாங்கிவிடாமல், அவராகக் கொடுக்கும் நாள் வரை காத்திருந்தான்.